பேர்சிவல் பாதிரியார்: வேதாகமத்தைத் தமிழாக்கிய ஆங்கிலேய அறிஞர்

முன்னுரை

மாணவர்களே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் யாழ்ப்பாணத்தைப் பற்றிப் படிக்கும்போது ஆறுமுக நாவலரின் பெயரோடு சேர்ந்து வருகின்ற ஒரு பெயர் பேர்சிவல் பாதிரியார். பாடநூல்களில் அவருக்கு ஓரிரு வரிகளே கிடைக்கின்றன. நாவலர் வேதாகமத்தை மொழிபெயர்க்க உதவினார் என்ற செய்தியோடு அவரது பெயரும் முடிந்துவிடுகின்றது. இதனால் மாணவர் பலர் விடை எழுதும்போது தடுமாறுகின்றனர். சிலர் பேர்சிவலை அமெரிக்க மிஷனரி என்று எழுதுகின்றனர். சிலர் வேதாகமத்தை நாவலர் தனியாக மொழிபெயர்த்தார் என்று எழுதுகின்றனர். வேறு சிலர் அந்த மொழிபெயர்ப்பே இன்று தேவாலயங்களில் வாசிக்கப்படுகின்றது என்று எழுதுகின்றனர். மூன்றும் பிழையானவை. அவரது வாழ்க்கையை முறையாக அறிந்துகொண்டால் இப்பிழைகள் ஏற்படா. ஒருவர் தம் வாழ்நாளின் சிறந்த ஆண்டுகளைச் செலவிட்ட ஒரு வேலை ஏற்றுக்கொள்ளப்படாமற் போனால் அது வீண்தானா என்ற வினாவுக்கும் இவ்வாழ்க்கையில் விடை உண்டு.

இளமையும் வருகையும்

பீற்றர் பேர்சிவல் 1803 ஆம் ஆண்டு யூலை 24 ஆந் திகதி இங்கிலாந்தில் பிறந்தார். வெஸ்லியன் மெதடிஸ்த சபையின் மிஷனரியாகி, 1826 இல் தமது 23 ஆவது வயதளவில் இலங்கைக்கு வந்தார். இடையிற் சில காலம் வங்காளத்திலும் பணியாற்றி மீண்டும் யாழ்ப்பாணம் சேர்ந்தார்.

அவர் வந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மூன்று மிஷன்கள் பணியாற்றின. வெஸ்லியன் மிஷனரிமார் 1814 இல் வந்திருந்தனர். அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் தெல்லிப்பழையில் தமது பணியைத் தொடங்கி, 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியை அமைத்தனர். இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த சேர்ச் மிஷன் நல்லூரைத் தன் நிலையமாகக் கொண்டது. பேர்சிவல் இவற்றுள் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த ஆங்கிலேயர். இதனை மாணவர் மறக்கலாகாது.

மிஷனரிமாரின் முதல் நோக்கம் மதம் பரப்புதல். பாடசாலையும் அச்சகமும் அந்நோக்கத்துக்கான வழிகளாகவே தொடங்கப்பட்டன. பேர்சிவலும் அந்நோக்கத்துடனேயே வந்தார். ஆயினும் மக்களிடம் பேசுவதற்கு அவர்களுடைய மொழி வேண்டும். அதைக் கற்கத் தொடங்கியவர்களுட் சிலர் அம்மொழியின் ஆழத்திலே அகப்பட்டுக்கொண்டனர். பேர்சிவல் அத்தகையவர்களுள் ஒருவர்.

கல்விப் பணி

யாழ்ப்பாண நகரில் வெஸ்லியன் மிஷன் 1816 முதல் ஓர் ஆங்கிலப் பாடசாலையை நடத்திவந்தது. 1834 இல் பேர்சிவல் அதனைச் சீரமைத்து யாழ்ப்பாணம் மத்திய பாடசாலை என்று பெயரிட்டார். இன்றைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி அதுவே. வேம்படி மகளிர் பாடசாலையின் தொடக்கமும் 1830 களில் அவரது முயற்சியோடு தொடர்புடையது. பெண் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பத் தயங்கிய அக்காலத்தில் இது இலகுவான காரியமன்று.

கல்விப் பணியோடு நில்லாமல் அவர் மக்கள் வாயில் வழங்கிய பழமொழிகளையும் சேகரித்தார். 1840 களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலேயே அவரது முதற்றொகுப்பு ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளிவந்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் பழமொழிகள் அதில் இருந்தன. ஏட்டிலே எழுதப்பட்ட தமிழை மட்டுமன்றி, வீட்டிலும் சந்தையிலும் பேசப்பட்ட தமிழையும் அவர் மதித்தார் என்பதற்கு இது சான்று.

அவருக்கு முன் நடந்த மொழிபெயர்ப்புகள்

வேதாகமத்தை மக்களின் மொழியில் தருவது எங்கும் எளிதாக நடந்த காரியம் அன்று. இங்கிலாந்திலேயே வில்லியம் ரிண்டேல் என்னும் அறிஞர் கிரேக்க மூலத்திலிருந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1526 இல் ஜேர்மனியில் அச்சாயிற்று. அவரது தாய்நாட்டில் அதற்கு அனுமதி இருக்கவில்லை. 1536 இல் அவர் கொல்லப்பட்டார். ஆனால் 1611 இல் யேம்ஸ் மன்னரின் ஆதரவில் அறிஞர் குழு வெளியிட்ட ஆங்கில வேதாகமத்தில் ரிண்டேலின் சொற்கள் பெரும்பகுதி இடம்பெற்றன.

தமிழில் முதன்முதலிற் புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சிட்டவர் தரங்கம்பாடியில் இருந்த சீகன்பால்கு. 1714, 1715 ஆம் ஆண்டுகளில் அது வெளிவந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் இலங்கையரான பிலிப் டி மெல்லோ செய்த புதிய ஏற்பாடு 1759 இல் கொழும்பில் அச்சாயிற்று. பின்னர் சென்னையில் இருந்த பப்ரீசியுஸ் என்பவரின் மொழிபெயர்ப்பு பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிவந்து தமிழ்க் கிறிஸ்தவரிடையே ஆழமாக வேரூன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரேனியுஸ் என்பவர் புதிய ஏற்பாட்டைத் திருத்தமான தமிழில் தர முயன்றார்.

ஆயினும் இவற்றின் நடை தமிழ் கற்றோருக்கு நிறைவு தரவில்லை. யாழ்ப்பாணம் அக்காலத்தில் இலக்கண இலக்கியப் பயிற்சி மிகுந்த இடம். அங்கே பிழைபட்ட தமிழில் ஒரு நூலைக் கொண்டுசென்றால் அதன் கருத்தைக் கேட்குமுன்னரே மொழியைப் பார்த்துச் சிரிப்பார்கள். இந்நிலையிற் புதிய மொழிபெயர்ப்பு ஒன்று வேண்டும் என்று யாழ்ப்பாணத்து மிஷனரிமார் எண்ணினர். அதன் தலைமைப் பொறுப்பு பேர்சிவலிடம் வந்தது.

ஆசிரியரும் மாணவரும்

நல்லூரில் 1822 ஆம் ஆண்டு டிசெம்பர் 18 ஆந் திகதி பிறந்த ஆறுமுகம், சேனாதிராய முதலியாரிடமும் சரவணமுத்துப் புலவரிடமும் தமிழ் கற்றார். ஆங்கிலம் கற்பதற்குப் பேர்சிவலின் பாடசாலையிற் சேர்ந்தார். கற்ற பாடசாலையிலேயே தமது இருபதாவது வயதளவில் ஆசிரியருமானார். அவரது தமிழ்ப் புலமையைக் கண்ட பேர்சிவல் தமக்குத் தமிழ் கற்பிக்கவும் வேதாகம மொழிபெயர்ப்பில் உதவவும் அவரையே தெரிந்தெடுத்தார்.

இந்தத் தெரிவை மாணவர் நன்கு கவனித்தல் வேண்டும். பேர்சிவல் பாடசாலையின் தலைவர். ஆறுமுகத்தைவிட ஏறத்தாழ 19 வயது மூத்தவர். ஆளும் நாட்டைச் சேர்ந்தவர். ஆறுமுகமோ அவரிடம் கற்ற மாணவர். ஆயினும் மொழிபெயர்ப்பு மேசையில் அந்த ஒழுங்கு மாறிவிட்டது. பகலில் ஆங்கில வகுப்பிலே ஆசிரியராக இருந்தவர் தமிழுக்கு மாணவராக அமர்ந்தார். மேலும் ஆறுமுகம் உறுதியான சைவர். கிறிஸ்தவ வேதத்தைத் தமிழாக்குவதற்கு ஒரு சைவரை நம்புவது மிஷனரி ஒருவருக்கு எளிதான முடிவன்று. மொழியறிவு எங்கே உள்ளதோ அங்கே சென்று பெறவேண்டும் என்பதே பேர்சிவலின் நோக்காக இருந்தது.

வேலையின் கடினம்

மொழிபெயர்ப்பு என்பது ஒரு சொல்லை எடுத்துவிட்டு அதன் இடத்தில் இன்னொரு சொல்லை வைப்பது என்று மாணவர் சிலர் நினைக்கின்றனர். நமது அனலைதீவுப் பிள்ளைகளுக்கு விளங்கக்கூடிய ஓர் உதாரணத்தைப் பார்ப்போம்.

இயேசுவின் முதற் சீடர்களுட் சிலர் கலிலேயாவின் மீனவர். அவர்களுடைய படகை 1611 ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமம் கப்பலைக் குறிக்கும் சொல்லாலேயே குறிப்பிடுகின்றது. அதைப் பார்த்துத் தமிழில் கப்பல் என்று எழுதினால், தகப்பனும் பிள்ளைகளும் இருந்து வலை பழுதுபார்க்கும் சிறு படகு துறைமுகத்துக் கப்பலாகிவிடும். அப்படியாயின் வள்ளம் என்பதா, தோணி என்பதா, வத்தை என்பதா, கட்டுமரம் என்பதா? நமது இறங்குதுறையில் நிற்கும் ஒரு சிறுவனுக்கு இவை நான்கும் வேறு வேறு என்று தெரியும். தமிழகத்தின் உள்ளூரில் வாழும் ஒருவருக்கு வத்தை என்ற சொல் விளங்காது.

வலையும் அவ்வாறே. கிரேக்க மூலத்தில் வீச்சுவலைக்கு ஒரு சொல்லும் இழுவலைக்கு வேறொரு சொல்லும் உண்டு. அந்த ஆங்கில வேதாகமத்தில் இரண்டும் வலை என்ற ஒரே சொல்லாக வருகின்றன. கலிலேயாக் கடல் என்று சொல்லப்படுவதும் உண்மையில் ஏறத்தாழ 21 கிலோமீற்றர் நீளமான ஒரு நன்னீர் ஏரி. நாற்புறமும் உப்புக்கடல் சூழ வாழும் தீவார் கடல் என்ற சொல்லைக் கேட்டால் வேறொரு காட்சியையே மனத்திற் காண்பர்.

இவை சிறிய சொற்கள். கடவுளைக் குறிக்கும் சொல்லோ எல்லாவற்றிலும் கடினமானது. பப்ரீசியுஸ் பராபரன் என்ற சொல்லை ஆண்டார். 1871 ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பிலே தேவன் என்ற சொல் வழங்குகின்றது. 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு கடவுள் என்கின்றது. ஒவ்வொரு சொல்லும் ஏற்கெனவே தமிழரின் வழிபாட்டிலும் இலக்கியத்திலும் பொருள் பெற்றிருந்த சொல்லே. ஆகவே எதைத் தெரிந்தாலும் ஒருசாரார் மறுப்பர். மூலநூலின் பொருளைப் பேர்சிவல் விளக்க, அதற்கு இசைந்த தமிழை ஆறுமுகம் தர, இருவரும் ஒத்துக்கொண்ட பின்னரே ஒரு வாக்கியம் நிலைபெறக்கூடும். முழு வேதாகமத்தையும் இவ்வாறு செய்துமுடிக்க 1840 களின் பெரும்பகுதி சென்றது.

சென்னையும் அச்சும்

மொழிபெயர்ப்பு இலங்கைத் தமிழருக்கு மட்டுமன்றித் தமிழகத்தாருக்கும் பயன்பட வேண்டியிருந்தது. எனவே சென்னையாரின் இசைவும் தேவைப்பட்டது. பேர்சிவல் ஆறுமுகத்தையும் அழைத்துக்கொண்டு சென்னைக்குச் சென்றார் என்றும், அங்கே எழுந்த ஐயங்களைத் தீர்ப்பதற்கு மழவை மகாலிங்கையரிடம் மொழிபெயர்ப்புக் காட்டப்பட்டது என்றும், அவர் யாழ்ப்பாண மொழிபெயர்ப்பே சிறந்தது என்று தீர்ப்பளித்தார் என்றும் நாவலர் சரித்திரம் எழுதியோர் கூறுவர். மகாலிங்கையர் தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை அச்சேற்றிய புலவர். அவரது பாராட்டு சாதாரணமானதன்று.

1850 இல் முழு வேதாகமமும் சென்னையில் அச்சாகி வெளிவந்தது. அதற்குப் பரீட்சார்த்த மொழிபெயர்ப்பு என்ற பொருள்படும் பெயரே ஆங்கிலத்தில் வழங்கியது. இன்னும் முடிந்த முடிவாகவில்லை, பார்த்துத் திருத்தலாம் என்ற எண்ணம் அப்பெயரிலேயே இருந்தது.

ஏற்றுக்கொள்ளப்படாமை

புலவர் பாராட்டிய நூலைச் சபைகள் ஏற்கவில்லை. இதற்குக் காரணம் என்ன? தமிழ்க் கிறிஸ்தவர் பலர் மூன்று தலைமுறையாகப் பப்ரீசியுஸின் வேதாகமத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள். பிறப்பிலும் திருமணத்திலும் மரண வீட்டிலும் அவர்கள் கேட்ட வாசகங்கள் அதில் உள்ளவை. இலக்கணப் பிழை இருந்தாலும் அவை அவர்களது மனத்திற் பதிந்த சொற்கள். கற்றோருக்கு உகந்த புதிய நடை அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றியது. ஆகவே மொழியின் திருத்தம் ஒருபுறமும் மக்களின் பழக்கம் மறுபுறமும் நின்றன. இதிற் பழக்கமே வென்றது.

பின்னர் சென்னையில் ஹென்றி பவர் என்பவரின் தலைமையில் இன்னொரு குழு அமைந்தது. அது பப்ரீசியுஸின் மொழிபெயர்ப்பை அடிப்படையாகக் கொண்டு, பேர்சிவலின் மொழிபெயர்ப்பு உள்ளிட்ட பிறவற்றையும் ஒப்புநோக்கித் திருத்தியது. 1871 இல் வெளிவந்த அந்த ஐக்கிய மொழிபெயர்ப்பே புரட்டஸ்தாந்து சபைகளில் நிலைபெற்றது. நாம் முன்னர் கண்ட மூன்றாவது பிழைக்கு இங்கே விடை கிடைக்கின்றது.

பிரிந்த பாதைகள்

ஆறுமுகம் 1848 இல் பாடசாலைப் பணியை விட்டு நீங்கினார். அவ்வாண்டே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849 இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்ற பட்டத்தை வழங்கியது. மிஷனரிமாரிடம் கண்ட பாடசாலை, அச்சகம், பிரசங்கம், எளிய பாடநூல் ஆகிய வழிகளையே அவர் சைவத்துக்கும் தமிழுக்கும் பயன்படுத்தினார். பாலபாடங்களையும் பெரியபுராண வசனத்தையும் அச்சிட்டார். நிறுத்தக்குறிகளை இட்டுப் படிப்போருக்கு விளங்குமாறு தமிழ் வசனத்தை அமைத்தார். அவரது வசன நடைக்கு மரபுவழிக் கல்வியே அடித்தளம். ஆயினும் பல ஆண்டுகளாக ஒரு பெருநூலை வாக்கியம் வாக்கியமாக வசனத்தில் அமைத்த பயிற்சியும் அதற்குத் துணைநின்றது எனலாம்.

பேர்சிவல் 1850 களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குத் திரும்பினார். அங்கே மெதடிஸ்த சபையை விட்டு இங்கிலாந்துத் திருச்சபையிற் சேர்ந்தார். கன்ரபரியில் உள்ள மிஷனரிக் கல்லூரியில் இந்தியாவைப் பற்றி விரிவுரைகள் ஆற்றினார். அவை 1854 இல் வேத பூமி என்ற கருத்துடைய தலைப்பில் நூலாக வெளிவந்தன. அதே 1854 இல் நாவலர் மிஷனரிமாருக்கு மறுப்பாகச் சைவதூஷண பரிகாரத்தை வெளியிட்டார். ஒரே மேசையில் இருந்த இருவரும் ஒரே ஆண்டில் இருவேறு திசைகளில் நின்று எழுதியமை நினைவிற் கொள்ளத்தக்கது.

மீண்டும் இந்தியாவுக்கு வந்த பேர்சிவல் காலப்போக்கில் மிஷன் தொடர்பை விட்டுச் சென்னை மாநிலக் கல்லூரியிற் பேராசிரியரானார். 1855 இல் தினவர்த்தமானி என்னும் தமிழ் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அதன் பணிக்காக யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியைச் சேர்ந்த சி. வை. தாமோதரம்பிள்ளையைச் சென்னைக்கு அழைத்தார். அந்த இளைஞரே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகி, பிற்காலத்திற் பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சேற்றியவர். தமிழையும் தெலுங்கையும் ஆங்கிலத்தோடு இணைக்கும் அகராதிகளையும் பேர்சிவல் வெளியிட்டார். அவரது பழமொழித் தொகுப்பு 1874 ஆம் ஆண்டுப் பதிப்பில் 6000 இற்கும் மேற்பட்ட பழமொழிகளைக் கொண்டதாக வளர்ந்தது.

நாவலர் 1879 ஆம் ஆண்டு டிசெம்பர் 5 ஆந் திகதி காலமானார். பேர்சிவல் 1882 ஆம் ஆண்டு யூலை 11 ஆந் திகதி தமிழகத்தின் ஏற்காட்டில் உயிர்நீத்தார். இங்கிலாந்திற் பிறந்தவருக்குத் தமிழ் மண்ணே இறுதி இடமாயிற்று.

மதிப்பீடு

பேர்சிவலின் வேதாகமம் வழக்கில் நிற்கவில்லை. அந்த அளவில் அது தோல்வியே. அதை மறைத்து எழுத வேண்டியதில்லை. ஆனால் அதன் பயன் வேறு வழிகளிற் சென்றது. பின்வந்த மொழிபெயர்ப்பாளர் அதனை எடுத்துப் பார்த்தனர். அதிற் பயின்ற இளைஞர் தமிழ் வசனத்தை வளர்த்தார். அவர் அழைத்துச் சென்ற இன்னோர் இளைஞர் பதிப்புத்துறையை வளர்த்தார். ரிண்டேலின் நூல் தடைசெய்யப்பட்டும் அதன் சொற்கள் வாழ்ந்தமையை இதனோடு ஒப்பிடலாம்.

நாவலரைப் போற்றுவோர் சிலர் பேர்சிவலை மறந்துவிடுகின்றனர். வேதாகமத்தின் வரலாற்றைக் கூறுவோர் சிலர் நாவலரை ஒரு வரியிற் கடந்துவிடுகின்றனர். உண்மையில் ஒருவரின்றி மற்றவர் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது. பேர்சிவல் தம் மதத்தை விடவில்லை. நாவலரும் தம் சைவத்தை விடவில்லை. இருவரும் விட்டுக்கொடாத இன்னொன்று தமிழின் திருத்தம். அந்த ஒன்றிலே அவர்கள் பல ஆண்டுகள் உடன்பட்டு உழைத்தனர். விடை எழுதும் மாணவர் இருவர் பெயரையும் சேர்த்தே எழுதுதல் முறையாகும்.

நினைவிற் கொள்க

1803 – இங்கிலாந்திற் பிறப்பு
1826 – இலங்கை வருகை
1834 – யாழ்ப்பாணம் மத்திய பாடசாலை எனப் பெயரிடல்
1840 கள் – நாவலருடன் வேதாகம மொழிபெயர்ப்பு; பழமொழித் தொகுப்பின் முதற்பதிப்பு
1850 – வேதாகமம் சென்னையில் அச்சாதல்
1855 – தினவர்த்தமானி தொடக்கம்
1871 – ஐக்கிய மொழிபெயர்ப்பு வெளிவருதல்
1874 – பழமொழித் தொகுப்பின் விரிந்த பதிப்பு
1882 – ஏற்காட்டில் மறைவு

பயிற்சி வினாக்கள்

1. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய மூன்று மிஷன்களையும் குறிப்பிட்டு, பேர்சிவல் எதனைச் சேர்ந்தவர் எனக் கூறுக.
2. பேர்சிவலுக்கு முன்னர் தமிழில் வேதாகமத்தை மொழிபெயர்த்த மூவரைக் குறிப்பிடுக.
3. வேதாகம மொழிபெயர்ப்புக்கு ஆறுமுக நாவலரைப் பேர்சிவல் தெரிந்தெடுத்தமை ஏன் குறிப்பிடத்தக்கது?
4. 1850 ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு சபைகளால் ஏற்கப்படாமைக்கான காரணத்தை விளக்குக.
5. சொல்லுக்குச் சொல் மாற்றுவது மொழிபெயர்ப்பு ஆகாது என்பதை உமது ஊரில் வழங்கும் இரண்டு சொற்களைக் கொண்டு விளக்குக.
6. பேர்சிவலின் மொழிபெயர்ப்பு முயற்சி வீண் என்ற கூற்றை ஏற்கிறீரா? காரணங்காட்டி 150 சொற்களில் எழுதுக.